மதகு திறந்தது திங்கட்கிழமை

– மறுபடியும் எழுதணுமா? நாளைக்குக் காலையில இறால் பண்ணை வாசல்ல நின்னு நான் வாசிக்க வேண்டிய தாள்டி அது, யூலெய்சி. முப்பது பொம்பளைங்க படகேறி வராளுங்க. சிப்பி அள்ளுறவங்க சங்கத் தலைவின்னு என்னைத்தான் முன்னால நிறுத்தியிருக்காளுங்க.

– நீ வாசிக்கறதுக்கு முன்னாடி உயிரியல் வாத்தியார் மார்க் போடணும்மா. இந்தத் தாள் தேறலேன்னா எஸ்மெரால்தாஸ் காலேஜை நான் மறந்துட வேண்டியதுதான். சிவப்பு மையில என்ன எழுதியிருக்காரு பாரு. "காரணம் முன்னாடி, விளைவு பின்னாடி. தேதியைப் பார்."

– என்ன தேதி? பண்ணைக்காரன் மதகத் திறந்தான், விஷத்தண்ணி ஓடையில வந்துச்சு, சிப்பி செத்துச்சு. இதுல தேதி எங்கேருந்து வந்துச்சு?

– மதகு திறந்தது ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை. நீங்க செத்த சிப்பிய அள்ளினது அதுக்கு முந்தின சனிக்கிழமை.

– அப்ப திங்கள வெள்ளின்னு மாத்து. எவன் பாத்தான்.

– வாத்தியாரே பாத்தாரு. மதகுத் தண்ணி அடிச்ச அடியில அவரு படகு கவுந்துச்சு. இடுப்பளவு சேத்துல நின்ன நாள மனுஷன் மறப்பாரா?

– இந்தா பாரு. அதே சேத்துல இருபது வருஷமாக் கைய விட்டுத் துழாவி, மீன் முள்ளுக் குத்தெல்லாம் வாங்கித்தான் உன்னப் படிக்க வெச்சேன். இப்ப நம்ம துறையில ஒரு சிப்பி கெடையாது. சதுப்புக் காட்ட அழிச்சு இறால் குளம் வெட்டினவன் அவன். அவன் மேல போடாம யார் மேல போடப் போற?

– அதத்தான் தேடறேன். கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. சிப்பி எங்கேருந்து எங்க வரைக்கும் செத்துக் கெடந்துச்சு?

– நம்ம துறையில ஆரம்பிச்சு ஓடை வளையுற எடம் வரைக்கும்.

– மதகு அந்த வளைவுக்கும் அந்தப் பக்கம், அரை மணி நேரம் துடுப்புப் போடணும். அங்க சிப்பிக்கு ஒண்ணும் ஆகல. நார்சிசா அக்கா நேத்து அங்கேருந்துதான் ஒரு கூடை அள்ளிட்டு வந்தா.

– அவளுக்கு வேற வேலை இல்ல.

– பெரிய வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை நம்ம துறையில என்ன நடந்துச்சு?

– என்ன நடக்கும்? வருஷா வருஷம் நடக்கறதுதான். பெரிய வெள்ளியன்னிக்கு எவளும் கழுவுற வேலையில கை வைக்க மாட்டா. அதனால துணிமணி, பானை சட்டி, எல்லாத்தையும் புதன்கிழமையே தேய்ச்சுக் கவுத்திடுவோம்.

– ட்ரம்மும் கழுவினாங்க.

– யாரு சொன்னா?

– அப்பா பண்ணையிலருந்து படகு நெறையக் கொண்டாந்து வீட்டுக்கு ஒண்ணு குடுத்தாரே, அந்த நீல ட்ரம். தெல்ஃபா அத்தை சொன்னா.

– மழைத்தண்ணி புடிக்கணும்னு ரெண்டு வருஷமா உங்கப்பாவ அரிச்செடுத்தாளுங்க. பண்ணையில காவக்கார மனுஷன், மேஸ்திரி கால்ல விழாத குறையாக் கெஞ்சி வாங்கிட்டு வந்தாரு. வெல்லப்பாகு இருந்த ட்ரம்முன்னுதான் அந்த மேஸ்திரி சொல்லிக் குடுத்தான்.

– வெல்லப்பாகு கழுவினா தண்ணி பழுப்பாகும். அன்னிக்குப் பால் கொட்டின மாதிரி வெளுத்துச்சாம். குளத்துல பூச்சி கொல்ல ஊத்துற மருந்து தண்ணியில பட்டா அப்படித்தான் வெளுக்கும். இருபத்தாறு ட்ரம், ஒரே நாள்ல, ஒரே துறையில, தண்ணி வத்தியிருந்த நேரத்துல.

– மெதுவாப் பேசு. தெல்ஃபா வீட்டுக்கும் நமக்கும் நடுவுல ஒரு பலகைதான் இருக்கு.

– மேஸ்திரி பொய் சொன்னான்னும் எழுதுவேன். பண்ணைய நான் சும்மா விடல. ஆனா ட்ரம் இல்லாம எழுத முடியாது.

– ட்ரம்முன்னு எழுதினா நாளைக்கு அந்த முப்பது பேரும் பண்ணை வாசலுக்குப் போக மாட்டாளுங்க, நம்ம வாசலுக்கு வருவாளுங்க. உங்கப்பாவ இந்தத் தீவுல இருக்க விடுவாளுங்களா? எனக்குப் பயமா இருக்குடி.

– எனக்கும்தான். ராத்திரி முழுக்க இதே நெனப்பு. ஆனா மதகுன்னு எழுதினா அடுத்த வருஷம் இன்னொரு படகு ட்ரம் வரும், இன்னொரு துறை சாகும்.

– பேரு போடாமலாவது எழுது.

– போடல. ஆனா ட்ரம் குடுத்தது யாருன்னு ஊருக்கே தெரியும்மா.

– சரி. பெத்தவன மாட்டி விடறதுன்னு முடிவு பண்ணிட்டே, எழுது. ஆனா ஒண்ணு. அந்தப் பாவத்துல என் கை இல்லன்னும் சேத்து எழுது. எல்லாருக்கும் குடுத்துட்டுக் கடைசி ட்ரம்மத்தான் உங்கப்பா நம்ம வீட்டுக்குக் கொண்டாந்தாரு. அதுவும் வியாழக்கிழமை பொழுது சாஞ்சப்புறம். விடிஞ்சாப் பெரிய வெள்ளி, நான் கழுவுவேனா? மாதா சத்தியமா, ஓடையில ஒரு சொட்டு நான் விடல.

– அப்புறம் எப்பக் கழுவினே?

– எதுக்குக் கழுவணும்? புதுசு மாதிரி பளபளன்னு இருந்துச்சு. அப்படியே தகரக் கூரைக்குக் கீழ வெச்சேன். நாலு மழையில நெறஞ்சுது, மூடிப் போட்டுட்டேன். ரெண்டு நாளாக் குடிதண்ணிப் படகு வரலேன்னு இப்பத்தான் திறந்து மொண்டுட்டு வந்தேன். லேசா வெளுப்பா இருக்கு, கூரைத் தூசா இருக்கும். இரு, பேசிப் பேசித் தொண்டை காஞ்சு போச்சு, ஒரு வாய் குடிச்சுக்கறேன்.

– அம்மா, அந்தக் குவளையக் கீழ வை.