காலிலிருந்து தலைக்கு

"படு! படு!"

யார் கத்தியது என்று தெரியவில்லை. அடுப்புக் குழிக்குள் விழுகிறேன். டீ அண்டா கவிழ்கிறது. கொதிக்கிற டீ முழங்கையில் கொட்டுகிறது. சுடவில்லை. தலைக்கு மேல் நீளமாக ஒரு விசில். பூமி என்னைத் தூக்கிப் போடுகிறது. வலது காதுக்குள் மண். அந்தக் காது அன்றோடு போயிற்று.

எழுபத்தொன்றாம் வருடம். டிசம்பர். வியாழக்கிழமை. விடிந்து அரைமணி நேரம் இருக்கும். கிழக்கு எல்லையைத் தாண்டி, அறுத்த நெல்வயல் நடுவில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே இருக்கிறோம்.

எனக்கு இருபது வயது. பட்டாளத்துச் சமையல்காரன். சோமனூர்ப் பக்கம் ஊர். ஐந்தாவது வரை படித்தேன். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஆறு பேர் மிச்சம். மேஜர். டிரைவர் ரங்கசாமி. வராண்டாவில் காயம்பட்ட மூன்று பேர். நான்.

ரங்கசாமி என் ஊர்தான். எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. மேஜர் பொள்ளாச்சிப் பக்கம். தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை.

அடுத்த விசில். அடுத்த குண்டு. நடுவே எண்ணுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று. பயத்தில் எண்ணுகிறேன். பதினெட்டு வந்ததும் விழுகிறது. மறுபடி எண்ணுகிறேன். மறுபடி பதினெட்டு. வராண்டாவிலிருந்து யாரோ கத்துகிறார்கள்.

குழி விளிம்பில் கண்ணை வைத்துப் பார்க்கிறேன். பத்து எட்டுத் தள்ளி லாரி. மேஜர் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

"வண்டிய எடுடா!"

"மூணு பேரையும் ஏத்திப்போட்டுப் போயிரலாமுங்க சார். ரெண்டே நிமிசமுங்க."

"எடுடான்னா எடு!"

"முடியாதுங்க சார்."

முடியாது என்பதையும் 'ங்க' போட்டுத்தான் சொன்னான். இறங்கி வராண்டாவைப் பார்த்து நடந்தான். ஓடக்கூட இல்லை. மேஜரும் இறங்கினார். கையில் ரிவால்வர். நான் பதினொன்று எண்ணியிருந்தேன்.

டப்.

சின்னச் சத்தம். காய்ந்த தென்னமட்டை ஒடிகிற மாதிரி. ரங்கசாமி முகம் குப்புற விழுந்தான். மேஜர் திரும்பிப் பார்க்கவில்லை. அவரே லாரியை ஓட்டிக்கொண்டு போனார். மூன்று குண்டுகள் வயலில் விழுந்தன. நான்காவது வராண்டாவில் விழுந்தது.

அப்புறம் சத்தம் இல்லை.

மத்தியானம் மேஜர் ஆட்களோடு திரும்பி வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீ எங்கடா இருந்தே?"

"குழிக்குள்ளீங்க."

"என்ன பாத்தே?"

"படுத்துட்டிருந்தேனுங்க."

ஒரு காகிதம் நீட்டினார். முழுவதும் இங்கிலீஷ். கையெழுத்துப் போட்டேன். ரங்கசாமி குண்டுச் சிதறல் பட்டுச் செத்தான் என்று அதில் இருந்ததாம். நீதிமன்றத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் மூங்கிலும் பெஞ்சுப் பலகையும் அடுக்கி ரங்கசாமியை எரித்தோம். மற்ற மூவருக்கும் அப்படி அடுக்கி எரிக்க முழு உடம்பு இல்லை. ஒரே குழியில் வைத்தார்கள்.

மேஜர் செய்த தப்பு இங்கேதான். எரித்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். எங்கள் பக்கத்தில் எரித்ததோடு முடியாது. மறுநாள் காலையில் பால் தெளித்து எலும்பு பொறுக்க வேண்டும். அவருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஒரு டிரைவருக்கு அந்த இடத்தில் யார் பொறுக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது வீட்டுக்காரன் நான் இருந்தேன். மெஸ்ஸில் இருந்த டப்பாப் பாலைத் தெளித்தேன். கால் பக்கத்தில் உட்கார்ந்து தொடங்கினேன். கால், முழங்கால், இடுப்பு, மார்பு. பிஸ்கட் டின்னில் ஒவ்வொன்றாகப் போட்டேன். தலைமாட்டுக்கு வந்தேன். மண்டையோட்டுச் சில்லுகளுக்கு நடுவில் செம்பு நிறத்தில் ஏதோ இருந்தது. விரல் நுனி அளவு. உள்ளே ஈயம் உருகி ஓடிப்போய், கூடு மட்டும் நின்றது.

அது என்ன குண்டு என்று எனக்குத் தெரியும். எலும்பு டின்னில் போடவில்லை. சட்டைப் பையில் போட்டேன்.

சண்டை முடிந்து லீவில் வந்து எலும்பை அவன் அம்மாவிடம் கொடுத்தேன். பவானி கூடுதுறையில் கரைத்தார்கள். மேஜரிடமிருந்து அவர்களுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. நெஞ்சில் சிதறல் பட்டதாம். அவர் மடியில் உயிர் விட்டானாம். அந்த அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். என்னை உட்காரவைத்து, படிக்கச் சொல்லிக் கேட்டார். படித்தேன்.

பட்டாளத்தை விட்டு வந்து தறி ஓட்டினேன். தறிச் சத்தத்தில் யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. நூல் சுற்றும் தார்க்குச்சிகளைப் போடும் பழைய தகரப் பெட்டி ஒன்றில் அந்தச் செம்புக் கூட்டைத் துணியில் சுற்றி வைத்திருந்தேன்.

மேஜர் ரிட்டையராகி அரசியலுக்கு வந்தார். சுவரெல்லாம் அவர் மீசை. எம்.எல்.ஏ. ஆனார். தொண்ணூற்றிரண்டில் சோமனூரில் ஒரு கூட்டம். ரங்கசாமியின் தங்கை மயிலாத்தாளை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார். "இந்தப் பொண்ணோட அண்ணன் என் மடியிலதான் உசுர விட்டான்" என்று மைக்கில் அழுதார். கூட்டமும் அழுதது. நான் டீக்கடைத் தூணுக்குப் பின்னால் நின்றேன். முழங்கையில் பழைய தழும்பு எரிந்தது.

மறுநாள் மயிலாத்தாள் தறிக்கூடத்துக்கு வந்தாள். அவளும் எங்களோடு நூல் சுற்றுகிறவள்.

"ஏனுங்ணா, நீங்களும் அங்கதான இருந்தீங்க? மேடைக்கு ஒரு வார்த்தை கூப்புடலயே. சோறாக்கிப் போட்ட ஆளையே மறந்துபோட்டாரா உங்க மேஜர்?"

சிரித்தாள். ஒன்பது நாள் தறி ஓட்டினேன். பத்தாம் நாள் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"அம்மணி, இது உங்கண்ணன் தலையில இருந்ததுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அம்மா உள்ளே படுத்திருந்தார். மயிலாத்தாள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இருவத்தொரு வருசம். இதைய வெச்சுக்கிட்டு எங்கூட்ல காப்பி குடிச்சீங்களாண்ணா?"

குடித்தேன்.

போலீசில் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். நான் பின்னால் நின்றேன். எல்லைக்கு வெளியே நடந்த குற்றம் என்பதால் டெல்லி அனுமதி வேண்டும் என்றார்கள். அதற்கு இரண்டு வருடம் ஆனது. அதற்குள் ஒருநாள் வெள்ளைக் கார் ஒன்று வந்தது. இறங்கிய இரண்டு பேரும் மிகவும் மரியாதையானவர்கள்.

"ஏனுங்க, தறியெல்லாம் நல்லா ஓடுதுங்களா? நல்லா ஓடட்டுமுங்க. நாங்க வாரோமுங்க."

மறுநாள் காலையில் தறிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். நான் ஓட்டும் நான்கு தறியிலும் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் குறுக்கே அறுக்கப்பட்டிருந்தது. நூல்கள் தரையில் கிடந்தன. முடிச்சுப் போட உட்கார்ந்தேன். முடியவில்லை. எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

தொண்ணூற்றாறு. கோயம்புத்தூர் கோர்ட். கூண்டில் ஏறுகிறேன். இத்தனை பேர் என்னைப் பார்த்து நான் பேசியதில்லை. மேஜர் எதிரே. வெள்ளை வேட்டி. நரைத்த மீசை. அவருடைய வக்கீல் அந்தப் பழைய காகிதத்தைக் காட்டுகிறார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னைக்கு நான் ஒண்ணுமே சொல்லலீங்க. கையெழுத்துத்தான் போட்டேனுங்க."

"அந்தக் குண்டு தலையிலதான் இருந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? சாம்பல்ல கால் எது, தலை எதுன்னு போர்டு வெச்சிருந்துச்சா?"

சிரித்தார்கள். எனக்கு வியர்த்தது. ஆனால் இந்த ஒன்றுக்கு எனக்குப் பதில் தெரியும்.

"கால்ல இருந்துதானுங்க பொறுக்கோணும். கால்ல ஆரம்பிச்சுத் தலைக்குப் போகோணும். மாத்திப் பொறுக்க மாட்டோமுங்க. மேஜர் ஐயாவுக்கும் தெரியுமுங்க. அவங்க ஐயனுக்கு மகனா அவருதானுங்க பொறுக்கியிருப்பாரு."

யாரும் சிரிக்கவில்லை. நான் மேஜரைப் பார்த்தேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எழுதிய கடிதம் நெஞ்சு என்றது. குண்டு தலையில் கிடைத்தது. ஆபீசர்கள் வைத்திருந்த ரிவால்வரில் போடுகிற குண்டு என்று நிபுணர் சொன்னார். மேஜர் லாரியைத் தனியாக ஓட்டி வந்து இறங்கியதைப் பார்த்த ஒரு ஹவில்தார் ஈரோட்டில் உயிரோடு இருந்தார். அவரும் வந்து சொன்னார். மறு வருடம் தீர்ப்பு. ஆயுள் தண்டனை. மயிலாத்தாள் அழவில்லை. பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள். அது போதும்.

இப்போது கணக்கு.

ரங்கசாமி. இருபத்திரண்டு வயது.

அவன் அம்மா. தீர்ப்புக்கு முந்தின ஆடியில் போனார். மடியில்தான் உயிர் போயிற்று என்றே நம்பிப் போனார். நாங்கள் யாரும் சொல்லவில்லை.

என் வலது காது. நான்கு பாவு. இருபத்தொரு வருடம்.

வராண்டாவில் மூன்று பேர். கேரளத்து ஜோசப். திருநெல்வேலிச் சுடலைமுத்து. மூன்றாமவன் முந்தின நாள் வேறு பட்டாளக் கம்பெனியிலிருந்து தூக்கி வரப்பட்டவன். அவன் பெயர் எனக்குத் தெரியாது. இவர்களுக்காக யாருக்கும் தண்டனை இல்லை.

லாரி போன பிறகு ஜோசப் என்னைத்தான் கூப்பிட்டான். "எடோ, சமையல்! ஓடி வா!" நான்கு முறை கூப்பிட்டான். குழிக்கும் வராண்டாவுக்கும் பதினைந்து எட்டுத் தூரம். ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே பதினெட்டு எண்ணும் நேரம் இருந்தது. ஒருவனையாவது இழுத்து வந்திருக்கலாம். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கோர்ட்டில் இதை யாரும் கேட்கவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.