நீதிபதி கையெழுத்து இருக்கான்னு பாருங்க

இல்லீங்க, நீங்க சத்தமாவே பேசலாம். இந்தப் புள்ளைக்கு மத்தியானத் தூக்கம், பஸ்ஸு குலுங்குனாலும் எந்திரிக்க மாட்டா. என்ன சொன்னீங்க, உங்க தங்கச்சியும் வீட்டுல புள்ளைங்களப் பாத்துக்கிறாங்களா? இந்த பஸ்ஸு போற லரேடோவுலயா? எத்தன புள்ளைங்க? அஞ்சா. லைசென்ஸ் இருக்குல்ல? அப்ப சரி. நான் சான் அன்டோனியோவுல இருபத்தோரு வருசமாப் பாக்குறேன், என் வீட்டு முன்னறையில. காலையில அஞ்சே முக்காலுக்கு முத புள்ள வந்துரும், அவங்கம்மா ஓட்டல்ல ரூம் கூட்டுறவ.

தங்கச்சிகிட்ட ஒண்ணு சொல்லுங்க. யாரு கதவத் தட்டுனாலும் உடனே வாங்க வாங்கன்னு சொல்லக் கூடாது. சிரிக்காதீங்க, நான் இதுக்குன்னே கிளாஸ் எடுக்குறேன். மாசத்துல ரெண்டு சனிக்கிழமை, சர்ச் ஹால்ல. இருபது பொம்பளைங்க வருவாங்க, எல்லாம் வீட்டுல புள்ள பாக்குறவங்கதான். இந்த நாட்டு அரசியல் சட்டத்துல நாலாவது திருத்தம்னு ஒண்ணு இருக்கு. போலீசு நம்ம வீட்டுக்குள்ள வந்து தேடணும், எதையாவது எடுக்கணும்னா நீதிபதி கையெழுத்துப் போட்ட வாரண்ட் வேணும். இல்லன்னா நாம சம்மதிக்கணும். பாடம் இவ்வளவுதான். மண்டையில ஏறத்தான் மாசக்கணக்கா ஆகுது.

பழக்கம் விடாதுல்ல. விடிஞ்சா நம்ம கதவத் தட்டுறது யாரு? வேலைக்கு நேரமாச்சுன்னு புள்ளையக் கையில திணிச்சிட்டு ஓடுற அம்மாதான. தட்டுன சத்தம் கேட்டா கை தானா தாப்பாளுக்குப் போயிரும். கிளாஸ்ல நான் தொப்பி ஒண்ணப் போட்டுக்கிட்டு, வெளிய நின்னு ஹால் கதவ இடி இடின்னு இடிப்பேன். ஹெர்மீனியான்னு ஒருத்தி, அறுபது வயசு இருக்கும், கதவ முழுசாத் திறந்து, உள்ள வாங்க, ஷூவக் கழட்டிருங்க, புள்ளைங்க தவழுற எடம்ங்குறா. மறுபடி செய்யச் சொன்னேன். காப்பி போடவான்னு கேக்குறா. அப்பல்லாம் நானும் சேந்து சிரிப்பேன்.

லைசென்ஸ் ஆபீசரா? அது வேறங்க. அந்தம்மா வேலை நேரத்துல வரலாம், புள்ளைங்க இருக்குற எடத்தப் பாக்கலாம், பேப்பரெல்லாம் பாக்கலாம். அதுக்கு ஒத்துக்கிட்டுத்தான் நாம லைசென்சே வாங்குறோம். போலீசு, இமிக்ரேஷன் ஆளுங்க மாதிரி மத்தவங்களுக்கு அந்த உரிமை கெடையாது. அவங்க ஒரு காகிதத்த ஆட்டி வாரண்டுன்னு சொல்லுவாங்க. பாத்தா அவங்க ஆபீசுலயே அச்சடிச்சு அவங்களே கையெழுத்துப் போட்டதா இருக்கும். கதவத் திறக்காம, ஜன்னல் கண்ணாடியில வெச்சுக் காட்டச் சொல்லணும். நீதிபதி கையெழுத்து இருக்கா, நம்ம விலாசம் சரியா இருக்கான்னு பாக்கணும். இல்லன்னா, நான் சம்மதிக்கலன்னு வாயத் திறந்து சொல்லணும். பேசாம ஒதுங்கி நின்னீங்கன்னா அதையே சம்மதம்னு எழுதிக்குவாங்க.

ஆமா, வந்திருக்காங்க. என் வீட்டுக்குத்தான். ஏழு வாரம் ஆச்சு.

செவ்வாக்கிழமை, நாலு மணி. ஆறு புள்ளைங்களும் மேசையில உக்காந்து ஆரஞ்சு தின்னுக்கிட்டு இருந்துச்சுங்க. ரெண்டு பேரு, இமிக்ரேஷன் ஆளுங்க. நொயெமியக் கேட்டாங்க. நொயெமி யாருன்னா, இவளோட அம்மா, இந்த நாட்டுல இருக்கப் பேப்பர் இல்லாதவ. இல்லீங்க, இவ என் பேத்தி இல்ல. பேரு நயேலி, நாலு வயசு. என்கிட்ட விடுற புள்ளதான். அம்மா வேலை செய்யிற எடம் அவங்களுக்குத் தெரியல, புள்ளைய விடுற எடம் எப்படியோ தெரிஞ்சிருக்கு.

நான் எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். கதவத் திறக்கல. கண்ணாடியில காட்டச் சொன்னேன். நீதிபதி கையெழுத்து இல்ல. மத்தவங்கள நூறு தடவ சொல்ல வெச்ச வார்த்தைய நான் சொன்னேன், குரல் நடுங்கல. புள்ளைங்க இருக்கு, திறங்கன்னு மெரட்டிப் பாத்தாங்க. கால்மணி நேரம் நின்னுட்டுப் போனாங்க. உண்மையச் சொன்னா எனக்குப் பெருமையா இருந்துச்சு.

அஞ்சரைக்கு நொயெமி வந்தா. பஸ்ஸ விட்டு எறங்கி நடந்து வந்தா. என் கேட்டுக்கும் அவளுக்கும் மூணு எட்டுகூட இருக்காது. அந்த ஆளுங்க எங்க போனாங்க, தெருமுனையில காருக்குள்ளதான் இருந்திருக்காங்க. தெரு என் வீடு இல்லீங்களே. நான் சொல்லிக்குடுக்குற சட்டமெல்லாம் வாசப்படியோட சரி. நான் உள்ள இவளுக்கு ஷூ மாட்டிக்கிட்டு இருந்தேன். தூக்கிக்கிட்டு வெளிய வர்றதுக்குள்ள அவள ஏத்திக்கிட்டுக் கார் திரும்பிருச்சு.

அஞ்சு வாரம் அடைச்சு வெச்சிருந்தாங்க. அப்புறம் எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், அவ சொந்த நாட்டுக்கே அனுப்பிட்டாங்க. அங்க அவ சித்தி வீட்டுல இருக்கா. இவளக் கொண்டுபோய்க் குடுக்கத்தான் போறேன், புள்ளையக் கூட்டிட்டுப் போக நோட்டரி முத்திர வெச்ச கடிதம் பையில இருக்கு. நாலு மணிக்குப் பாலத்துல நிக்கிறேன்னு சொல்லியிருக்கா. இத்தன நாளும் இவ என் கட்டில்லதான் படுத்தா. அழ மாட்டா. தெனம் அஞ்சரையானா ஷூவ மாட்டிக்கிட்டு வந்து கதவுகிட்ட உக்காந்துக்குவா. ஏழு மணி வரைக்கும் பாத்துட்டு நான் கழட்டி விடுவேன்.

நொயெமி போன் பண்ணுவா. எடுத்ததும் முத வார்த்த நன்றிதான். மரியாதையா டோன்யா கிரசீலான்னு என்னையக் கூப்புட்டு, ஒங்கள மாதிரி யாரு பாத்துக்குவாம்பா. நான் புள்ளகிட்ட போனக் குடுத்துட்டு அடுப்படிக்குப் போயிருவேன்.

கிளாஸா? நடக்குதே. இப்ப கூட்டம் ஜாஸ்தி. நின்னு கை தட்டுனாங்க, டோன்யா கிரசீலா இரும்பு மாதிரி நின்னாங்கன்னு. பல்லு புடுங்க ஊசி போட்டா வாயி இருக்கும், நம்ம வாயி மாதிரி இருக்காதுல்ல. அப்படித்தான் நின்னேன். ஹெர்மீனியா இப்ப கரெக்ட்டாச் சொல்றா, நான் சம்மதிக்கலன்னு.

அதத்தான் நீங்களும் கேக்குறீங்க. கிளாஸ்லயும் ஒருத்தி கேட்டா, ஒரு போன் பண்ணி அவள வர வேண்டாம்னு சொல்லியிருக்கலாமேன்னு. பண்ணுனேன், அவ எடுக்கலன்னு சொன்னேன்.

நான் பண்ணல. அவதான் பண்ணுனா. அஞ்சு மணிக்குப் பத்து நிமிசம் இருக்கும். வந்தாங்க, இப்படி இப்படிச் சொல்லி வெரட்டிட்டேன்னு எல்லாம் சொன்னேன். பயமா இருக்கு டோன்யா, புள்ளையக் கூட்டிட்டு வர டெல்ஃபினாவ அனுப்பவான்னு கேட்டா. டெல்ஃபினா அவ பக்கத்து வீடு. எனக்குப் பத்து வருசப் பழக்கம், என் கையால அவளுக்கு எத்தன தடவ சோள மாவுத் தமாலே அவிச்சுக் கட்டிக் குடுத்திருக்கேன். ஆனா கார்டுல அவ பேரு இல்ல. புள்ளைய யாரெல்லாம் கூட்டிட்டுப் போகலாம்னு எழுதி வாங்குவோமே, உங்க தங்கச்சிகிட்டயும் இருக்கும். பேரு இல்லாதவங்க கையில குடுக்கக் கூடாது, குடுத்தா லைசென்ஸ் போயிரும். அவ்வளவு சட்டம் பேசி அந்த ரெண்டு பேர அனுப்பியிருக்கேன், வேணும்னே நாளைக்கி லைசென்ஸ் ஆபீசர ஏவிவிட்டா என் பேப்பர்ல ஒரு பொட்டுக் குத்தம் இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன்.

அதெல்லாம் முடியாது நொயெமி, அவங்கதான் போயாச்சே, நீயே வந்துருன்னேன்.

சரிங்க டோன்யான்னா. வந்தா.