சம்பந்திகள் கேட்காத ஓட்டுக் கேள்வி

1984 டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஆறு நாள் இருந்தது. குமுளியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு சம்பந்திகள். ஒருவர் கம்பத்தில் நெல் விவசாயி. மற்றவர் பெரியாறு அணைக்குக் கீழே, கேரளத்தில் கடை வைத்திருப்பவர்.

“சம்பந்தி, இந்தத் தடவை ஒங்க ஓட்டை எனக்குக் குடுத்துருங்க” என்றார் விவசாயி.

“எதுக்கு?”

“அணையில தண்ணியைக் கொறைச்சுட்டாக. ரெண்டாம் போகம் நட முடியலை. கொறைக்கச் சொன்னவுக ஒங்ககிட்டத்தான ஓட்டுக் கேக்குறாக? எங்கிட்ட இல்லையே.”

“பழைய அணை, ஒடைஞ்சா மொதல்ல போறது என் வீடு. ஒங்க பொண்ணும் அங்கனதான் இருக்கு. அணையைப் பலப்படுத்த வேண்டியது ஒங்க சர்க்காரு. அவுக எங்கிட்ட வர்றாகளா?”

“ரெண்டு சர்க்காரே கூடிப் பேச மாட்டேங்குது. இந்த லட்சணத்துல, அணுகுண்டை ஒழிக்க ஒலகமே கூடணும்னு பேப்பர்ல போட்டிருக்கான்.”

“ஒண்ணு செய்வோம். ஓட்டுக் கேட்டு வர்றவுககிட்ட நான் ஒங்க வயலுக்காகக் கேக்குறேன். நீங்க எங்க பயத்துக்காகக் கேளுங்க.”

“கேட்டா என்னைய ஊருக்குள்ள விடுவாகளா?”

“எனக்கு மட்டும் மாலை போடுவாகளாக்கும்?”

பேருந்து லோயர் கேம்ப்பைத் தாண்டியது. பிறகு விவசாயி சொன்னார்: “சரி, நான் கேக்குறேன். ஆனா நீங்க மாப்பிள்ளை வீடு. நீங்கதான் மொதல்ல கேக்கணும்.”

“அய்யய்யோ, நீங்க பெரியவுக. நீங்க மொதல்ல.”

கம்பத்தில் இறங்கும்போது படியிலும் அதே மரியாதை.

“நீங்க மொதல்ல.”

“இல்லைல்ல, நீங்க.”

பின்னால் நெரிசல். நடத்துனர் கத்தினார்:

“யாராவது ஒருத்தர் எறங்குங்கய்யா! ஒங்களால மொத்த பஸ்ஸும் நிக்குது!”