கோரையில் கை வைக்காதே

என் 1983 டைரியில் ஒரு தை மாதக் குறிப்பு: ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் ஒரு கணவன் மனைவி. அவள் நர்ஸ் உடையில் இருந்தாள். அவன் மடியில் புது அரிவாள்.

"கோரையில கைய வெச்சீங்கன்னா எங்கம்மா வீட்டுக்குப் போய்டுவேன்."

"நம்ம குட்டை சும்மாதானே கெடக்குது, லில்லி? கோரையை அறுத்து, மண்ணைக் கொட்டி மூடிட்டா வீடு கட்டலாம்."

"சும்மா கெடக்குறது நீங்கதான். தோல் பதனிடுற ஷாப்பு கழிவுத் தண்ணி எறங்கி ஊருக் கெணறெல்லாம் உப்பு. குட்டை ஓரத்துக் கெணத்துத் தண்ணி ஒண்ணுதான் குடிக்கலாம், கோரை உப்ப இழுத்துக்குது. அந்தக் கோரையில தண்ணிக்கோழி வேற குஞ்சு பொரிச்சிருக்குது."

"கொழம்பு வெக்கலாமா?"

அவள் அவன் தொடையில் கிள்ளினாள்.

"சரிம்மா, மூடல. இந்த அருவாள இன்னா பண்றது?"

"தேங்கா வெட்டுங்க."

வேலூரில் இறங்கும்போது அரிவாள் அவள் பையில் இருந்தது. அந்தக் கிணறு உப்பாகாமல் இருந்ததற்குக் கோரைதான் காரணமா என்பதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை.