கலைவாணன் தம்பியின் கடைசி மெயில்

மேடையிலிருக்கும் தலைவர் வேல்முருகன் சார் அவர்களே, பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குக் கனத்த மனதோடு வந்திருக்கும் பிள்ளைகளே! நான் தா.பழூர் மலர்கொடி. ஐந்தாவதோடு படிப்பு நின்றவள். கம்ப்யூட்டர் படித்தவர்கள் நடுவில் என்னைப் பேசச் சொன்னது ஏனென்று இன்னும் பிடிபடவில்லை. உங்களோடு வேலை பார்க்கும் வினோதினி என் மகள்வழிப் பேத்தி. அந்தப் பெருமைதான் எனக்கிருக்கும் ஒரே தகுதி.

நம் பக்கத்து பஸ் நேரம் காட்டும் ஆப்பை இலவசமாக நடத்தினார் கலைவாணன் தம்பி. எழுத்தைப் பெரிதாக்கினால் கடைசி பஸ் மறைந்துபோகிறது என்று கண்டுபிடித்தவள் நான்! வினோதினி அதைச் சரிசெய்து மெயிலில் அனுப்பினாள். மூன்று சிறு கோடு போட்டு, கீழே கண்டுபிடித்தவள் என்று என் பெயரை எழுதியிருந்தாள். உடனே தம்பி போன் செய்தார்.

“பாப்பா, கோட்டுக்குக் கீழ இருக்கறது மெயிலோட நின்னுடும். திருத்தத்தோட நிரந்தரமா நிக்கிற குறிப்பு இருக்குல்ல, அந்த கமிட் மெசேஜ்ல ஏறாது. அம்மாயி பேரை மேல எழுதி மறுபடி அனுப்பு.”

“அதான் சரியாயிடுச்சுல்லண்ணே, பேரு எதுக்கு?”

“நாளைக்கு எவனாவது இது வேண்டாம்னு தூக்கிடுவான். யாருக்காகப் போட்டோம்னு இருந்தா கை வைக்க யோசிப்பான்ல?”

எத்தனை பேருக்கு வரும் அந்த மனசு? எத்தனை பேருக்கு வரும்!

ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தும் ஒரு திருத்தம் அனுப்பினார். மறுநாள் போய்விட்டார். நேற்று வினோதினி, அழுதுகொண்டே, அதிலிருந்த புரோகிராம் வரிகளை மட்டும் எடுத்து ஆப்பில் ஒட்டிவிட்டாள். அவர் எழுதிய காரணம் இல்லை. அவர் தேதி இல்லை. எழுதியவர் பெயர்? என் பேத்தி பெயர்! பார்த்ததும் நான் பூரித்தேன். அவள் ஏன் தலையில் அடித்துக்கொண்டாள் என்று விளங்கவில்லை. போனவர் வேலை இவள் வேலையாகிவிட்டது என்று விளங்கியபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது மேடையேறும் முன் தலைவரைக் கேட்டேன். “வினோதினி ஒட்டினதை எல்லார் போனுக்கும் வெளியில விட்டுட்டீங்களா சார்?”

“இல்லம்மா, சாயங்காலம்தான்.”

“அப்ப அதை எடுத்துடுங்க. மெயிலை முழுசா ஏத்துங்க.”

“ஏத்தலாம்மா. எழுதுனவர்னு அவர் பேரும் தேதியும் இருக்கும். ஏத்துனது வினோதினின்னு இன்னைக்குத் தேதியோட தனியா இருக்கும்.”

ஒரே வேலைக்கு இரண்டு பெயர், இரண்டு தேதி! எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், தலை சுற்றுகிறது. அவர் இல்லாத இந்த நாளில், அவர் இருந்த நாளின் தேதியோடு அவர் வேலை ஏறுமாம். அது போதும் எனக்கு.

இனி யார் அனுப்பும் மெயிலையும் பிய்த்து ஒட்டமாட்டோம் என்று தம்பிக்கு வாக்குக் கொடுப்போம்.

வினோதினி, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மேலே வா. இவர்கள் முன்னாலேயே ஏற்று. ஏறி முடியும்வரை நாங்கள் பேசாமல் எழுந்து நிற்கிறோம்.