நிறுத்திய விரல்

நான் எந்தப் பிள்ளையையும் கை நீட்டி அடித்ததில்லை. கோத்தகிரியில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள், கொர்னேலியஸ் சார் சத்தம்கூடப் போட மாட்டார் என்பார்கள்.

கணக்குப் பாடத்தை வீடியோவாக எடுத்துப் போடுவேன். பிள்ளைகள் போனில் பார்ப்பார்கள். யார் எங்கே நிறுத்தினார்கள், எதைத் திரும்பப் பார்த்தார்கள், யார் திறக்கவே இல்லை, எல்லாம் என் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். யார் தேறுவார், யார் தேற மாட்டார் என்று அதை வைத்து அதுவே கணித்துவிடும். தேறாதவர்களுக்குப் பொதுத்தேர்வுக்குப் பெயர் அனுப்பும் முன்பே டி.சி. கொடுத்துவிடுவோம். பள்ளிக்கு நூற்றுக்கு நூறு தேர்ச்சி, அந்தப் பிள்ளைகளுக்கும் ஃபெயில் என்ற அவமானம் இல்லை. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கட்டபெட்டு எஸ்டேட் ராஜப்ரியா ஒரு வீடியோவும் பார்க்கவில்லை என்று வந்தது. டி.சி. என்றதும் அவள் அம்மா காளியம்மாள் தேயிலை பறித்த கையோடு ஓடி வந்தாள்.

"ஏனுங்க சார், எங்க ஊட்ல இருக்கற ஒரு போனையும் அவங்கப்பா வேலைக்குக் கொண்டுபோயிருவாருங்க. புள்ள ஜோவிதா போன்லதானுங்க பாக்குது. ரெண்டும் ஒண்ணாத்தான் படிக்குதுங்க."

விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அழுதாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

ஜோவிதா பக்கத்து லைன் வீட்டுப் பெண். கஷ்டமான இடம் பார்த்து நிறுத்தி, திரும்பப் பார்க்கிறவள் என்று கணிப்பு அவளுக்கு முதலிடம் தந்திருந்தது. ராஜப்ரியா டி.சி. வாங்கிப் போன பிறகு அவள் எங்குமே நிறுத்தவில்லை, வீடியோவை ஒரே ஓட்டமாக ஓடவிட்டாள். பொதுத்தேர்வில் கணக்கில் ஃபெயிலாகிவிட்டாள். நூற்றுக்கு நூறு போனதற்குத்தான் நிர்வாகம் உங்களை விசாரிக்க அனுப்பியிருக்கிறது. ராஜப்ரியாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

இருவரும் ஒரே போனில் படித்தது முன்பே தெரியுமா என்றால், தெரியும். காளியம்மாள் வருவதற்கு முந்தின ஞாயிறு, சர்ச் விட்டு வரும்போது பார்த்தேன். சிக்னல் கிடைக்கும் பஸ் ஸ்டாப்பில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். போன் ஜோவிதா மடியில். ராஜப்ரியாதான் விரல் வைத்து நிறுத்தி, "இங்க பாரு புள்ள, சார் இதச் சுத்தி வளைச்சுச் சொல்றாரு" என்று நேர்வழியைச் சொல்லிக்கொடுத்தாள். அது சரியான வழிதான். எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது அவள் அம்மாவோடு தேயிலை பறிக்கிறாள். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்கிறாள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். கணிப்பு தவறவில்லை. அப்படி நிறுத்திப் பார்க்கிறவள் முதலிடம் வருவாள் என்றுதான் அது சொன்னது. அவள்தான் தேர்வு எழுத வரவில்லை.