வாயில்லாச் சேர்வருக்கு வாய் தந்த கொறற்றி மிஸ்ஸுக்கு

கொட்டாஞ்சேனை ஈன்ற கொள்கைக் குன்றே! கணினிப் பிரிவின் கண்ணுறங்காக் காவலே! கண்டிப்பில் கருங்கல்லும் கனிவில் கற்கண்டுமானவரே! வெள்ளவத்தை நெய்தல் மருத்துவத் தகவல் நிலையத்தின் தொழில்நுட்பத் தலைவியாக இருபத்திரண்டு ஆண்டுகள் எம்மை ஆண்டு, இன்று ஓய்வு பெறும் திருமதி மரியகொறற்றி சூசைநாயகம் அவர்களே, வணக்கம்!

"புகழெல்லாம் பிறகு, வேலை முடிஞ்சுதோ?" என்று நீங்கள் முகம் சுளிப்பது எமக்குத் தெரிகிறது. இன்று ஒரு நாள் பொறுத்தருள்க. மாலை வாங்கியாயிற்று, கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார்.

முன்னறிந்து வழிசெய்த முதல்வியே! எங்கள் தரவுகளைக் காக்கும் சேர்வர் கணினி இருப்பதோ கொழும்புக் கோட்டையில். நாங்கள் இருப்பதோ வெள்ளவத்தையில். இடையில் காலி வீதி மட்டுமா கிடக்கிறது? சோதனைச் சாவடிகளும் கிடக்கின்றன. அடையாள அட்டையில் பெயரைக் கண்டு "பெத்தகட்ட என்ன", பக்கத்துக்கு வா, என்று சிங்களத்தில் ஓரங்கட்டிவிட்டால், ஒரு பொத்தானை அழுத்தப் போனவர் பொழுது சாயத்தான் திரும்புவார். ஆகவே, சேர்வர் விழிக்கும்போதே இங்கிருந்து அதனோடு கதைக்க வழி கண்டீர்கள். மின் வந்ததும் இயங்குதளத்தைத் தட்டி எழுப்பும் சிறு நிரலான பூட் லோடருக்கு, உன் பேச்சைத் திரையில் மட்டும் காட்டாதே, சீரியல் கேபிள் வழியாகவும் அனுப்பு, அவ்வழியே வரும் கட்டளைக்கும் செவிகொடு என்று சில வரிகள் எழுதி வைத்தீர்கள். கேபிளின் மறுமுனையில், கணினிப் பேச்சைத் தொலைபேசியில் கடத்தும் ஒரு மோடம். மோடத்துக்கு ஒரு தொலைபேசி இணைப்பு. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அதைச் சரிபார்த்த விதம் இருக்கிறதே! திரையையும் விசைப்பலகையையும் கழற்றி வைத்து, அடுத்த அறையிலிருந்து அந்தக் கேபிளாலேயே சேர்வரை எழுப்பிக் காட்டினால்தான் வேலை முடிந்ததென ஒப்புவீர்கள். அதற்கு முதுகுக்குப் பின்னால் 'குருட்டுச் சோதினை' என்று பெயர் வைத்திருந்தோம். சென்ற வாரம் நீங்களே அப்பெயரைச் சொன்னபோது நம் பலீலுக்குத் தேநீர் புரைக்கேறியது.

கலங்காத நெஞ்சினரே! சென்ற ஆண்டு கோட்டைப் பக்கம் குண்டு வெடித்த அந்தக் காலையை எப்படி மறப்போம்? வீதிகள் மூடப்பட்டன, கைபேசிகள் ஊமையாயின, கோட்டைக் கட்டடத்தில் மின் போய், மீண்டும் வந்தது, சேர்வர் மட்டும் எழவில்லை. குருதிக் கொடையாளர்களின் பெயர்களும் தொலைபேசி இலக்கங்களும் அதற்குள்ளேதான். காயப்பட்டவர்கள் வந்துகொண்டிருக்க, மருத்துவமனைத் தாதி எம்மை அழைத்து, "ஓ நெகற்றிவ் ஆரார் இருக்கினம், கெதியாச் சொல்லுங்கோ!" என்று கெஞ்சினார். அதே காலையில்தான் உங்கள் கணவர் திரு. சூசைநாயகம் கோட்டையிலுள்ள தம் அலுவலகத்துக்கு பஸ் ஏறியிருந்தார். அது உங்களுக்கும் தெரியும். அறையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் கெட்டித்தனத்தையும் சபை கேட்கட்டும். சேர்வர் சுகமா என்று பார்க்க எமக்கொரு பழக்கம் இருந்தது. மோடத்தின் இலக்கத்துக்குத் தொலைபேசி எடுப்போம். மோடம் எடுத்து விசிலடிப்பது கேட்டதும் வைத்துவிடுவோம். அன்று பலீல் ஒரு தொலைபேசியில், யோகநாதன் மற்றதில், மாறிமாறி எடுத்துத் தள்ளினோம். ஒவ்வொரு தொலைபேசி மணிக்கும் மோடம், 'மணி அடிக்கிறது' என்று சேர்வருக்கு எழுதிக் கொடுத்தது. பூட் லோடரோ அதை யாரோ தட்டிய கட்டளை என்று எண்ணி, 'அப்படியொன்று இங்கே இல்லை' என்று பதில் எழுதி, அடுத்த கட்டளைக்குக் காத்து நின்றது. எழும்பினாயா, எழும்பினாயா என்று கேட்டுக் கேட்டே அதை எழும்பவிடாமல் வைத்திருந்தோம்!

"ஐயோ, எல்லாரும் போனை வையுங்கோ! ஒராள் கதைச்சாத்தானே அதுக்கு விளங்கும்!" என்று அதட்டினீர்கள். அலுவலகத்தில் இருந்தவை இரண்டே இணைப்புகள். ஒன்றைத் தாதிக்காக விட்டு, மற்றதைச் சேர்வருக்கு எடுத்தீர்கள்.

"மிஸ், முதல்ல சூசைநாயகம் சேருக்கு ஒரு கோல் எடுங்கோ" என்றாள் நம் அருந்ததி.

"இது எழும்பட்டும், பிள்ளை."

காத்து நின்ற பூட் லோடருக்கு ஒரே ஒரு சொல் தட்டினீர்கள். எழுத்துகள் வரிவரியாக ஓடத் தொடங்கின, இயங்குதளம் எழுந்தது. அருந்ததி இலக்கங்களை வாசிக்க வாசிக்கத் தாதி எழுதிக்கொண்டார். மாளிகாவத்தையிலிருந்து இருவர் நடந்தே போய்க் குருதி கொடுத்ததாகப் பின்னர் அறிந்தோம்.

அதன் பிறகுதான் உங்கள் கணவரின் அலுவலகத்துக்கு எடுத்தீர்கள். தொலைபேசியைக் காதில் வைத்ததும் உங்கள் முகம் வெளிறியது. மறுமுனையில் விசில். அவருடைய இலக்கத்துக்குப் பதிலாகச் சேர்வரின் இலக்கத்தையே உங்கள் விரல் அழுத்தியிருந்தது. நீங்கள் அழுதீர்கள், மிஸ். நாங்களும் அழுதோம். அருந்ததிதான் சரியான இலக்கத்தை அழுத்தித் தந்தாள். "நான் இருக்கிறன். ஏனப்பா இவ்வளவு நேரமா எடுக்கேல்ல?" என்று அவர் போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அப்படியொரு இனிமையான ஏச்சை நாங்கள் அதற்குமுன் கேட்டதில்லை.

மறுநாளே, மணி அடித்தாலும் சேர்வரிடம் வாய் திறவாதபடி மோடத்துக்குப் பூட்டுப் போட்டீர்கள். "விசில் கேக்கிற வேலை இண்டையோட சரி" என்று எமக்கும் போட்டீர்கள்.

பெருந்தகையீர்! முன்வரிசையில் வீற்றிருக்கும் திரு. சூசைநாயகம் அவர்களோடு, கொச்சிக்கடை அந்தோனியார் துணையிருக்க, நோயின்றி, சோதனைச் சாவடியுமின்றி நெடுங்காலம் வாழ்க! எங்கள் அன்பளிப்பு ஒரு சிறிய கைபேசி. அதன் முதல் பொத்தானில் அவருடைய இலக்கத்தைப் பதித்திருக்கிறோம். இனி விரல் வழி தவறாது. நீங்கள் பழக்கியபடி, அடுத்த அறையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு சோதித்தும் பார்த்தோம், மிஸ். ஒருமுறைதான் அழுத்தினோம். அவர் எடுத்தார்.

இனி யாரிடம் ஏச்சு வாங்குவது என்று திகைத்து நிற்கும்,
கணினிப் பிரிவினர்,
நெய்தல் மருத்துவத் தகவல் நிலையம்,
வெள்ளவத்தை, 2008.